புல்லுக்கு லீவு

ஒன்றரை மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

சர்க்கரையைக் குறைக்க நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மூன்று மாதமாக என்னை முறைத்துக்கொண்டிருந்தது. குளிர், மழை, விருந்தாளி என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். அன்றைக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை. ஷூ லேஸைக் கட்டி, காதை மஃப்ளரால் மூடிக்கொண்டு எங்கள் ஊர் மைதானத்துக்குப் போனேன்.

கேட் பூட்டியிருந்தது.

வெளியே கட்டைச் சுவரில் பதினைந்து பெண் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் அரசுப் பள்ளியின் கால்பந்து டீம். அவர்களுடைய பி.டி. டீச்சர் லதா, வலைப்பையில் இரண்டு பந்துகளைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் செக்யூரிட்டி. கூடலூர்ப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், சாதுவான மனிதர்.

"யாரையும் விடக் கூடாது சேச்சி. புல்லுக்கு இன்னைக்கு லீவாணு" என்றார் என்னிடம், மலையாளம் கலந்த தமிழில்.

"எதுக்கு லீவு?"

"புல்லுக்கு சேச்சி. நேத்து கிளப்புக்கு மேட்ச் இருந்தது. இன்னைக்கு புல்லு ரெஸ்ட் எடுக்குது. மேனேஜர் சார் சொல்லியிருக்கு."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். பனித்துளியைப் போர்த்திக்கொண்டு புல் சுகமாகப் படுத்திருந்தது.

என் பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்களுக்கே கெழமைக்கு ஒரு நாளுதான் லீவு. இந்தப் புல்லு என்ன... பெர்மனென்டா?"

திரும்பினேன். செல்வி. டீமின் கோல்கீப்பர் பிரியாவின் அம்மா. பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். ஞாயிறு தவறாமல் மகளுக்குத் துணையாக வந்து, வேடிக்கை பார்த்து, கூட்டிக்கொண்டு போவார்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லதா மட்டும் சிரிக்கவில்லை.

"இது ஆறாவது வாரமுங்க அக்கா. மாவட்டப் போட்டிக்கு இன்னும் அஞ்சு வாரந்தான் இருக்குது."

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் நாளைக்கு பஜாரில் எனக்கு யாரும் கேரட் தர மாட்டார்கள்.

அந்த மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அதை மைதானம் என்று சொன்னதே ஒரு மரியாதைக்குத்தான். மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரிந்த ஒரு மண் தரை. முதல் பாதியில் மேலிருந்து கீழே ஆடுகிற டீம் நான்கு கோல் போடும். அடுத்த பாதியில் எதிர் டீம் நான்கு கோல் போடும். பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைச் செடிக்குள் உருண்டு போய்விடும். தேடி எடுத்து வருவதற்குள் கோல்கீப்பரே ஒரு டீ குடித்துவிடலாம். காட்டுமாடு உள்ளே வந்தால் அது ஹாஃப் டைம். எப்போது போகிறதோ அப்போது செகண்ட் ஹாஃப்.

ஆனால் பூட்டு கிடையாது. ஸ்கூட்டர் பழகுகிறவர்கள், நடக்கிறவர்கள், சும்மா உட்கார்ந்து வெயில் காய்கிறவர்கள் — யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

அப்புறம் ஒருநாள் அரசாங்க நிதி வந்தது. மண்ணை வெட்டிச் சமப்படுத்தினார்கள். புல் வந்தது, கேலரி வந்தது, டிரெஸ்ஸிங் ரூம் வந்தது, சுற்றிலும் உயரமாகக் கம்பி வேலி வந்தது. நான் என்ன செய்தேன்? இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்தில், 'எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டேடியம்' என்று உருகி உருகி எழுதினேன். உங்களில் சிலர் வாழ்த்துக்கூட அனுப்பினீர்கள்.

'எங்கள் பிள்ளைகளுக்கு' என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

கட்டி முடித்தபிறகுதான் பேரூராட்சிக்கு ஒரு விஷயம் உறைத்தது. புல் வளர்ந்தால் வெட்ட வேண்டும். காய்ந்தால் தண்ணீர் விட வேண்டும். அதற்கு ஆள் யார்? அந்த நேரம் பார்த்து, கீழ்நாட்டிலிருந்து, அதாவது சமவெளியிலிருந்து, ஒரு தனியார் கால்பந்து கிளப் வந்து, 'பராமரிப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எங்கள் வீரர்கள் மலைக்காற்றில் பயிற்சி எடுக்கட்டும்' என்றது. எல்லாருக்கும் சந்தோஷம். கையெழுத்துப் போட்டார்கள். கை தட்டினோம்.

எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டியவர் என் வீட்டுக்காரர்.

அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஃபேக்டரி டீமில் பத்து வருஷம் லெஃப்ட் அவுட் ஆடியவர். இன்றைக்கும் வீட்டில் தரையில் ஏதாவது உருண்டையாகக் கிடந்தால் — தக்காளியாகவே இருந்தாலும் — இடது காலால்தான் ஓரம் தள்ளுவார். கிளப் வந்த முதல் வாரமே அதன் ஜெர்சியை வாங்கி ஸ்வெட்டருக்கு மேலே மாட்டிக்கொண்டார். கிளப் மேனேஜர் அவரைப் பார்த்ததும் "லெஜெண்ட் சார்!" என்று கை குலுக்கினாராம். அந்தக் கையை மனிதர் அன்று மதியம் வரை கழுவவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க, அரசாங்கப் பணத்துல கட்டின மைதானம். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ரோட்டுல உக்காந்திருக்குதுங்க. இது நியாயமுங்களா?"

"உனக்குப் புல்லைப் பத்தி என்ன தெரியும்? அது குழந்தை மாதிரி. கிளப்புக்காரன் பாத்துக்கலீன்னா இந்நேரம் காஞ்சு போயிருக்கும். நீ போயித் தண்ணி உடுவியா?"

"செல்வி ஒரு சோப்பு வாங்கினாலும் அதுல வரி கட்டுறா. அந்தப் பணமுந்தான அந்தப் புல்லுல இருக்குது?"

"வரி எல்லாருந்தான் கட்டறோம். அதுக்காக ரயில் நம்முளுதுன்னு இன்ஜின்ல ஏறி உக்காந்துக்க முடியுமா?"

சில நேரம் அவர் தப்பான பக்கத்தில் நின்றுகொண்டு நல்ல கோல் போட்டுவிடுவார்.

ஆனால் அடுத்த நாள் சாயங்காலம் நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

மைதானம் இல்லாததால் பிள்ளைகள் ஒரு டீ ஃபேக்டரியின் பின்பக்கம், லாரி திருப்புகிற சிமெண்ட் தளத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஃபேக்டரிக்காரர் இரக்கப்பட்டு விட்டிருந்தார். ஓடுகிறவர்களுக்குப் பரவாயில்லை. கோல்கீப்பர் என்ன செய்வாள்? அவள் வேலையே விழுவதுதானே? பிரியா ஒரு பந்துக்குப் பாய்ந்து விழுந்தாள். பந்தைப் பிடித்தும் விட்டாள். எழுந்தபோது முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. அடுத்த பந்துக்கு அவள் பாயவில்லை. கையை மட்டும் நீட்டினாள். பந்து உள்ளே போனது.

லதா என்னைப் பார்த்தார். "பாருங்க அக்கா... புள்ள விழறதுக்குப் பயப்பட ஆரம்பிச்சிருச்சு. இந்தப் பயம் உள்ள போயிருச்சுன்னா அப்புறமேட்டு எடுக்கவே முடியாதுங்க."

செல்வி ஓரமாக நின்று முந்தானையைக் கிழித்துக்கொண்டிருந்தார், கட்டுப் போட. "பந்தைப் பிடின்னு சொல்றதா, விழாதேன்னு சொல்றதா? எனக்கு ஒண்ணும் விளங்கலை" என்றார்.

மறுநாள் காலை லதாவும் நானும் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனோம். கிளப்போடு போட்ட ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். கிளார்க் எங்களை ஒரு அதிசயம் போலப் பார்த்தார். பீரோவைத் திறந்து, தூசி தட்டி, ஒரு ஃபைலை எடுத்து வைத்தார்.

"இதக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதானுங்க."

படித்தோம். ஏழாவது பக்கத்தில் இருந்தது. ஞாயிறு, செவ்வாய் இரு நாள் காலையிலும் மைதானம் உள்ளூர்ப் பள்ளிகளுக்கு. கறுப்பு மையில், தெளிவாக!

லதா என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் அடுத்த வரியைப் படித்தேன். 'தரையின் நிலை அனுமதிக்கும் பட்சத்தில்.'

அரசாங்கத் தமிழில் மிகவும் பலசாலியான சொல் எது தெரியுமா? ஆணை இல்லை, சட்டம் இல்லை. 'பட்சத்தில்'. முன்னால் கொடுத்த எல்லாவற்றையும் அது ஒரே ஆளாகத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடும்.

தரை அனுமதிக்கிறதா இல்லையா என்று யார் முடிவு செய்வது? கிளப். அதாவது புல்லின் சார்பில் பேசும் உரிமை அவர்களிடம். இது ஏழாவது பக்கத்தின் கடைசி வரி. நான் பாராட்டி எழுதிய நாளிலும் அந்தத் தாள் இதே பீரோவில்தான் இருந்திருக்கிறது. அலுவலகம் என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை.

பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். பேரூராட்சித் தலைவி நல்லவர். "ரெண்டு தரப்பையும் வெச்சுப் பேசிரலாமுங்க" என்று அந்த வாரம் வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டார்.

அன்று காலை என் வீட்டுக்காரர் ஜெர்சியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"கூட்டத்துக்கு. கிளப் சார்பா பேசச் சொல்லி மேனேஜர் கூப்ட்டிருக்கறாரு. மாஜி வீரர்ங்கற முறையில." பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து ஆட்டினார். ஒன்றரைப் பக்கப் பேச்சு. எழுதுவது என் தொழில் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஆட்டோவில் போனோம். ஆட்டோவுக்கு அவர் பணம் கொடுத்தார். எதிரணிக்குச் செய்த உதவி என்று அதையும் சொல்லிக்காட்டினார்.

மேனேஜர் முதலில் பேசினார். நாற்பது வயது இருக்கும், சென்னைக்காரர், பணிவானவர். இந்த உயரத்தில் இந்த வகைப் புல்லை வளர்ப்பது எவ்வளவு கஷ்டம், இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் ஓய்வு விடாவிட்டால் வேர் எப்படி அழுகும், கிளப் எத்தனை ஆள் வைத்திருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் சங்கடம். கவுன்சிலர்கள் தலையாட்டினார்கள். நானும் என்னை அறியாமல் ஆட்டிவிட்டேன்.

எங்கள் தரப்பில் யார் பேசுவது? லதா அரசு ஊழியர், அனுமதி வாங்காமல் வாய் திறக்க முடியாது. எனக்கு எழுதத்தான் வரும். கூட்டத்தில் பேச வராது. செல்வி எழுந்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேரு செல்வி. எஸ்டேட்டில கொழுந்து எடுக்கிறேன். செடிக்கு ஓய்வு வேணும்னு இந்த சார் சொல்றாரு. எங்களுக்கு அது தெரியாதா? ஒரு மலையில கொழுந்து எடுத்தா, திரும்பத் தளிர் விடுற வரைக்கும் நாங்க அந்தப் பக்கமே போகமாட்டோம். அதனால ஓய்வு வேண்டாம்னு நான் சொல்ல வரலை."

"பின்ன என்னம்மா சொல்றீங்க?" என்றார் தலைவி.

"சனிக்கிழமை கிளப்பு ஆடுது. ஞாயித்துக்கிழமை புல்லுக்கு ரெஸ்டு. திங்கக்கிழமை கிளப்பு ஆடுது. செவ்வாக்கிழமை புல்லுக்கு ரெஸ்டு. எங்க பிள்ளைங்களுக்குன்னு பேப்பர்ல எழுதியிருக்கிறது எந்த நாளு? ஞாயிறும் செவ்வாயும். புல்லுக்குக் களைப்பு வர்றது எப்பவும் எங்க நாளுலேயே வருது. ஏன் சார்... ஒரு தடவையாவது கிளப்பு நாளுல அதுக்குக் களைப்பு வரக்கூடாதா?"

ஒரு கவுன்சிலர் விரலை மடக்கிக் கிழமைகளைச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும்; விரலை அப்படியே வைத்துக்கொண்டார்.

மேனேஜர் சமாளித்துக்கொண்டார். "மேடம் சொல்றது புரியுது. ஆனா கிரவுண்ட் பத்தி ஒரு பிளேயர் சொன்னா இன்னும் தெளிவா இருக்கும். நம்ம லெஜெண்ட் சார் ரெண்டு வார்த்தை பேசுவார்."

என் வீட்டுக்காரர் எழுந்தார். தாளைப் பிரித்தார். கண்ணாடியை மாட்டினார். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய மனிதர், ஊர் முன்னால் எனக்கு எதிராகப் பேசப் போகிறார்!

அவர் தாளைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு மேனேஜரிடம் திரும்பினார்.

"சார், ஒரு சின்ன சந்தேகமுங்க. அந்தப் புல்லு மேல நான் ஒருதரம் நடந்து பாக்கலாமுங்களா? கேலரியிலிருந்தே பாத்துட்டு இருக்கறேன். கால வெச்சுப் பாத்ததில்லீங்க."

மேனேஜர் சிரித்தார். "சார், உங்களுக்கு இல்லாததா? மேட்ச் டேக்கு வி.ஐ.பி. பாஸ் தர்றேன், டீமோட போட்டோ எடுத்துக்கலாம். பட்... கிரவுண்டுல இறங்க மட்டும் அலவ்டு இல்ல. சாரி சார்."

என் வீட்டுக்காரர் மடித்த தாளைப் பாக்கெட்டில் செருகினார்.

"நான் ஆடினதெல்லாம் சரிவுல, சேத்துலதானுங்க. இந்த மாதிரி ஒரு தரையில ஒரு நாள் ஆடிப் பாக்கோணும்னு ஆசை இருந்துச்சு. எனக்கு வயசாயிருச்சு, பரவால்லீங்க." கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் புள்ளைங்களுக்கு இன்னும் ஆகலீங்களே."

உட்கார்ந்துவிட்டார். ஒன்றரைப் பக்கப் பேச்சு பாக்கெட்டிலேயே தங்கிவிட்டது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன், அதையும் அவர் சொல்லிக்காட்டுவார்.

மேனேஜர் வெளியே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தார். அரை மணி நேரத்தில் தீர்மானம் தயார். ஞாயிறும் செவ்வாயும் காலையில் பிள்ளைகளுக்கு. புல்லுக்கு ஓய்வு வேண்டுமானால் அது கிளப்பின் நாட்களிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும். தரை சரியாக இருக்கிறதா என்று பேரூராட்சி ஓவர்சியரும் கூட இருந்து பார்ப்பார். தலைவி வாசித்து முடித்ததும், "இதுல எங்கயாச்சும் 'பட்சத்தில்' இருக்குதுங்களா?" என்று கேட்டேன். கிளார்க் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்று இருந்தது. அடித்தார்.

அந்த ஞாயிறு கேட் திறந்தது. பிள்ளைகள் உடனே ஓடிவிடவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று, கோயிலுக்குள் நுழைவதுபோல ஒவ்வொருத்தியாகக் கால் வைத்தார்கள். லதா விசில் ஊதிய பிறகுதான் இரைச்சல் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு லெஃப்ட் அவுட் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றார்.

"ஜில்லுன்னு இருக்குது கண்ணு!" என்று அங்கிருந்தே கத்தினார்.

"சளி புடிக்கும், ஷூவப் போடுங்க!" என்று நானும் கத்தினேன். வேறென்ன சொல்ல?

மாவட்டப் போட்டி ஊட்டியில் நடந்தது. முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். அரை இறுதியில் ஒரே ஒரு கோலில் தோற்றோம். நாலே வாரப் பயிற்சிக்கு அது அதிகம் என்றுதான் லதா சொல்கிறார். அந்த ஆட்டத்தில் பிரியா நான்கு முறை பாய்ந்தாள். யோசிக்காமல், தயங்காமல், முழு உடம்பையும் வீசி. மூன்றைப் பிடித்தாள், ஒன்று போனது. ஆட்டம் முடிந்ததும் செல்வி மகளின் கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார்.

"பாருங்கம்மா, முழங்கை பச்சையா இருக்கு. இத்தனை நாளும் சிவப்பாத்தானே வீட்டுக்கு வருவா."

கிளப்பும் இருக்கிறது. புல்லும் நன்றாகத்தான் இருக்கிறது, வேர் ஒன்றும் அழுகவில்லை. மேனேஜர் இப்போதும் "லெஜெண்ட் சார்" என்றுதான் கூப்பிடுகிறார். மோசமான ஆள் யாரும் இந்தக் கதையில் இல்லை என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். பொதுச் சொத்து கையைவிட்டுப் போவதற்குக் கெட்டவர்கள் தேவையில்லை. கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிற நல்லவர்களே போதும்.

இதற்கிடையில் போன வாரம் ஒரு புதுச் செய்தி. அரசாங்க நிதியில் எங்கள் ஊருக்கு நீச்சல் குளம் வருகிறதாம். ஆமாம், குளிக்க வெந்நீர் போடுவதற்கே விறகு பத்தாத இந்தக் குளிரில்தான்! ஊரே பூரித்துப் போயிருக்கிறது. என் வீட்டுக்காரர் நீச்சல் டிரவுசர் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்.

நான் ஒன்றே ஒன்றுதான் விசாரித்திருக்கிறேன் — சாவி யாரிடம் இருக்கும்?